எங்கள் பிளான்ட் கூழ் குடித்த ஆடி

1. நாற்காலி

முதல் நாள் வேலைக்குப் போனபோது பிளான்ட் கேட்டுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ராமநாதன் சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். ரிட்டயர் ஆனவர். கையில் பேப்பர் இருந்தது, ஆனால் படிக்கவில்லை. மடித்து விசிறிக்கொண்டிருந்தார். நான் துடைப்பமும் பக்கெட்டுமாக எதிரில் போய் நின்றேன். எனக்கு யாரிடமும் நறுக்கென்று பேச வராது. கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன்.

"என்னம்மா?" என்றார் அவரே.

"வேலைக்கு சார்."

"இங்க என்ன வேலை? இங்க ஒரு வேலையும் நடக்காது. உன் கம்பெனில போய்ச் சொல்லு."

நான் போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டம்மா வசந்தா அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்தார். என்னைப் பார்த்தார். திரும்ப உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். சார் அதைப் பார்த்துக்கொண்டே தன் காபியைக் குடித்தார். அவர் நாற்காலியில், நான் தரையில், இரண்டு பேர் கையிலும் ஒரே வீட்டுக் காபி. முதல் நாள் வேலை அவ்வளவுதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் திவ்யா மேடம் இன்னும் சில இடங்களில் இதே மாதிரி போடப்போகிறாராம். "அங்க வேலைக்கு வர்ற பெண்களுக்கு நீங்க வந்து பேசணும் லோகம்மா" என்றார். மைக்கை நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "அப்ப எழுதிக் குடுங்க, பிழை இருந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மெதுவாகத்தான் எழுத வரும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படியுங்கள்.

பிளான்ட் இருப்பது தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் பக்கம், எங்கள் நகரின் கடைசித் தெரு. முன்பு அந்த மூலையில் குப்பையைக் கொட்டிவைப்பார்கள். நான் காண்ட்ராக்டில் பேட்டரி வண்டியோடு வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்தவள். முட்டி வலி வந்து நடக்க முடியாமல் போனபோது சூபர்வைசர் என்னை இங்கே மாற்றிவிட்டார். வேலை இதுதான். வீட்டுச் சமையல் கழிவை அரைத்து, தண்ணீர் கலந்து, இன்லெட் குழாயில் ஊற்ற வேண்டும். அதற்கு ஃபீட் என்று பெயர். அது டைஜஸ்டர் என்கிற பெரிய கறுப்புத் தொட்டிக்குள் போகும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைத் தின்று கேஸ் விடும். கேஸ் ஒரு பலூனில் நிறையும். அங்கிருந்து குழாய் வழியாக எதிரே இருக்கும் மகளிர் குழு இட்லிக்கடை அடுப்புக்குப் போகும். மாடு வைத்திருந்தவர்கள் வீட்டில் சாண எரிவாயு இருந்ததே, அதே சங்கதிதான்.

2. எந்த மக்கள்?

மறுநாள் குரோம்பேட்டையிலிருந்து திவ்யா மேடம் ஸ்கூட்டியில் வந்தார். நாற்காலி அதே இடத்தில் இருந்தது. தெருக்காரர்கள் சிலரும் கூடிவிட்டார்கள்.

"வாசம் வருமா வராதா? அதைச் சொல்லுங்க" என்றார் சார்.

"ப்ராப்பரா ரன் பண்ணா வராது சார்."

"ப்ராப்பரா ரன் பண்ணலேன்னா?"

மேடம் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டியில் மாட்டினார். "வரும் சார்" என்றார்.

எனக்கு அந்தப் பெண்ணை அந்த இடத்தில்தான் பிடித்துப்போனது. சாருக்கும் பிடித்திருக்க வேண்டும், குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் விடவில்லை.

"லாரி வந்துது, டேங்க் இறங்குச்சு, போர்டு மாட்டினீங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? போர்டுல என்ன எழுதியிருக்கு, படிங்க. 'மக்கள் பங்களிப்புடன்'. எந்த மக்கள்மா?"

இட்லிக்கடை வாசலிலிருந்து நூர்ஜஹான் அக்கா கத்தினார். அவர்தான் மகளிர் குழுவுக்குத் தலைவி. "நாங்க கீறோமே சார்! நாங்கல்லாம் மக்கள் இல்லியா, மாங்காயா?"

"உனக்கு கேஸ் வருது, நீ பேசுவே. ஊர்க் குப்பை எங்க மூக்குக்கு, கேஸ் உங்க அடுப்புக்கு."

"உங்க மூக்குக்கு ஒண்ணும் வராது சார். வந்தா எங்க சாம்பார் வாசனைதான் வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. எழுந்து, "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று மேடத்தைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். என்னையும் வா என்பது போல் பார்த்ததால் நானும் போய் வாசலில் நின்றேன்.

ஹால் சுவர் முழுக்கப் புது பெயின்ட். ஒரு இடத்தில் மட்டும் ஒரு பட்டையாக விட்டுவைத்திருந்தார். பழுப்பாக ஒரு கோடு, என் தோள் உயரத்துக்கு. 2015 வெள்ளம் நின்ற கோடு. முடிச்சூர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"எங்கம்மாவ நாற்காலியோட தூக்கி மாடிக்குக் கொண்டுபோனோம். தண்ணி வடிஞ்சும் அந்த வாடை போகல. என் வீட்டுக்கு வந்து எனக்கே மூக்கைப் பொத்திக்க வேண்டியிருக்கேன்னு அம்மா அழுதாங்க. அந்த வாடையோடதான் போய்ச் சேர்ந்தாங்க. உங்க டேங்க்கைத் தரையில வெச்சிருக்கீங்க. இன்னொரு தடவை தண்ணி வந்தா அது மிதந்து என் ஹால்லதான் வந்து நிக்கும்."

திவ்யா மேடம் கோட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் யாரோ மறுக்கிறார்கள் என்பது மேடம் முகத்தில் தெரிந்தது. "இல்ல சார், நான் வந்து பாத்துட்டேன். வெள்ளக் கோட்டுக்கு மேல ஒசத்தாம இதை ஸ்டார்ட் பண்ண முடியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடைசியில் கிரேன் வந்து டேங்க்கைத் தூக்கியது. கொத்தனார் வந்து, அந்தக் கோட்டுக்கும் மேலே வருகிற மாதிரி மேடை கட்டினார். அது முடிகிற வரைக்கும் சார் பக்கத்திலேயே நின்று, கலவை சரியில்லை, கம்பி போதாது என்று கொத்தனாரை ஒருவழி பண்ணிவிட்டார். மேடைக்குப் படி வைத்தபோது, "பிடிச்சு ஏற ஒரு கைப்பிடி வை. அந்தம்மாவுக்கு முட்டி வலி" என்றார். என் முட்டி வலி அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நான் உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்திருப்பார்.

கேட்டுக்குக் குறுக்கே கிடந்த நாற்காலி கேட்டுக்கு உள்ளே வந்தது அப்போதுதான்.

3. குப்பை இட்லி

முதலில் சாணி கரைத்து ஊற்றித்தான் டைஜஸ்டரை ஆரம்பிக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சமையல் கழிவு. சாணி கிடைத்தது. கழிவுதான் கிடைக்கவில்லை. தெரு முழுக்க வீடு இருக்கிறது, வீட்டுக்கு வீடு சமைக்கிறார்கள், ஆனால் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. நான் வாசலில் நின்றால், "காலைல வந்து நிக்கிறியே, வேற வேலை இல்லியா?" என்பார்கள். கொடுக்கிறவர்களும் பால் கவரோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து கவரைத் தனியாக எடுத்து அவர்கள் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். எனக்குத் தெரிந்த சண்டை அதுதான்.

கடைக்கு அதைவிடக் கஷ்டம். குழாயில் கேஸ் வர ஆரம்பித்ததும் இட்லி வாங்க ஆள் குறைந்துபோனது. குப்பை கேஸில் வெந்த இட்லியாமே என்று பேச்சு பரவிவிட்டது. நூர்ஜஹான் அக்கா அடுப்பங்கரையில் நின்று என்னிடம் புலம்பினார்.

"இன்னா லோகம்மா பேஜாரா கீது. சிலிண்டர்ல வர்ற கேஸை மட்டும் பன்னீர் ஊத்திப் பண்றாங்களா? குழுவுல நாலு பொம்பளைங்க இதை நம்பிக்கினு கீறோம். இட்லி மீந்துபோய் வூட்டுக்குத் தூக்கினு போறோம். எங்க வூட்ல இட்லின்னாலே புள்ளைங்க ஓடுதுங்க."

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஒரு காரியம் பண்ணினார். அடுப்பைக் கடைக்கு உள்ளே வைக்காமல் தெருவிலேயே வைத்தார். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி ஒரு புதுப் பாத்திரத்தில் பால் ஊற்றி வைத்துவிட்டு, நேராக ராமநாதன் சார் வீட்டுக்குப் போனார்.

"வசந்தாக்கா, நீங்கதான் வந்து பத்த வெக்கணும்."

"நானா? எனக்கு பயம்மா."

"சார் பக்கத்துல நிக்கட்டும். வெடிச்சா அவருக்கும் சேர்த்துதான்."

வசந்தா அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு லைட்டரை அழுத்தினார். நீல ஜ்வாலை, சத்தமில்லாமல், பூ மலர்ந்த மாதிரி நின்றது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கி வந்தார்கள். சார் குனிந்து பர்னருக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

"சார், மூக்கைக் கருக்கிக்காதீங்க. அப்புறம் வாசம் வருதா இல்லியான்னு யாரு சொல்றது?" என்றார் நூர்ஜஹான் அக்கா.

பால் பொங்கி கிழக்குப் பக்கமாக வழிந்தது. வசந்தா அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலில் சர்க்கரை போட்டு எல்லாருக்கும் கொடுத்தார்கள். சார் பால் குடித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "ரெண்டு இட்லி வை" என்றார். தெருவே அவர் வாயைப் பார்த்தது. மென்றார், விழுங்கினார்.

"சட்னில உப்பு கம்மி."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கடையில் கூட்டம்.

அதற்குப் பிறகு கழிவுக்கு நான் அலையவில்லை. அவர்களே கொண்டுவந்தார்கள். பிளான்ட் என்பது போய் "நம்ம பிளான்ட்" ஆனது. போகிற வருகிறவர்கள், "என்ன லோகம்மா, அது சாப்பிட்டுச்சா?" என்று வீட்டில் ஒரு பிள்ளையை விசாரிப்பது போலக் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் பிளான்ட்டைக் காட்டக் கூட்டிவருவார்கள். சார்தான் விளக்கம் சொல்வார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று திவ்யா மேடம் கேட் சாவி ஒன்றை அவரிடம் கொடுத்துவைத்திருந்தார்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. டைஜஸ்டருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஃபீட் என்று அளவு உண்டு. அதற்கு மேல் போகக்கூடாது. புளித்ததும் எலுமிச்சைத் தோலும் ஆகவே ஆகாது. மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் ஆசையாகக் கொண்டுவருகிறவர்களிடம் போதும் என்று சொல்ல என் வாயில் வராது. வாங்கி ஓரமாக வைத்து உரக்குழியில் போட்டுவிடுவேன். கொடுத்தவர்கள் அதுவும் உள்ளே போனதாகவே நினைத்துக்கொள்வார்கள்.

4. கூழ்

ஆடி மாதம் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டா நூர்ஜஹான் அக்காவுடையது. அவர் மாமியார் காலத்திலிருந்து அந்த அண்டாதான் கோயிலுக்குப் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் லீவு. காட்டாங்குளத்தூரில் என் நாத்தனார் வீட்டுப் பக்கத்துக் கோயிலிலும் அன்றைக்குத்தான் கூழ், அங்கே போய்விட்டேன்.

நடந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூழ் ஊற்ற ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சொம்பும் தூக்குமாக வருகிற கூட்டம் வரவில்லை. அண்டாவில் கூழ் அப்படியே நின்றுபோனது. அம்மன் கூழைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்? கோயில்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ராமநாதன் சார் குடையோடு வந்தார்.

"ஏன் கவலைப்படறீங்க? நம்ம பிளான்ட் இருக்கே. ஒரு சொட்டு வீணாகாது" என்றார்.

அவர் கேட்டைத் திறந்துவிட்டார். அண்டாவைத் தூக்கி வந்து அத்தனை கூழையும் இன்லெட்டில் ஊற்றினார்கள். அம்மனுக்குப் போட்ட எலுமிச்சை மாலைகளையும் நாரோடு போட்டார்கள். யாரோ இன்லெட் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். நல்லவேளை, கேஸ் இருக்கிற இடத்தில் கற்பூரம் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. நல்ல மனசோடு செய்ததுதான். பசிக்கிற பிள்ளைக்கு ஊட்டுவது போலத்தான் ஊட்டியிருக்கிறார்கள். கேழ்வரகுக் கூழ் என்றால் கரைத்துப் புளிக்கவைத்தது. எலுமிச்சையைச் சொல்லவே வேண்டாம்.

திங்கட்கிழமை நான் வந்து பார்க்கும்போது குழாயில் குங்குமம் இருந்தது. இன்லெட்டில் நுரை பொங்கி, பழுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. மூலையில் ஒரு எலுமிச்சம்பழம் சிக்கியிருந்தது. என்ன உள்ளே போயிருக்கிறது என்று புரிந்தது. யார் ஊற்றினார்கள் என்று தெரியவில்லை. திவ்யா மேடத்துக்குப் போன் போட்டேன்.

அவர் வருவதற்குள் எதிர்க் கடையில் அடுப்பு மஞ்சளாக எரிந்து, படபடவென்று அடித்து, அணைந்துவிட்டது. மேடம் வந்து ஸ்லரியில், அதாவது டைஜஸ்டரிலிருந்து வெளியே வரும் கரைசலில், புளிப்பு பார்க்கிற கலர் பேப்பரை நனைத்தார். எப்போதும் பச்சையாக வரும். அன்றைக்கு ஆரஞ்சாக வந்தது.

"ஃபுல்லா புளிச்சுப் போயிருக்கு லோகம்மா. உள்ள இருக்கிற பாக்டீரியா செத்துக்கிட்டிருக்கு."

மறுநாள் வாடை கிளம்பியது. அழுகின முட்டையும் புளித்த மாவும் கலந்த வாடை. சாயந்திரக் காற்றில் அது தெருமுனை வரைக்கும் போனது. எல்லா ஜன்னலும் சாத்திக்கொண்டன. ராமநாதன் சார் வீட்டு ஜன்னல்தான் முதலில்.

5. வாளி

புகார் போய்விட்டது. வார்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். கடை வாசலில் எல்லாரும் கூடினார்கள். சார் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆபீஸ்காரர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே கேட்டார். "தெருவுக்கே வேணாம்னா சொல்லிடுங்க. இந்த வாரமே எடுக்கச் சொல்லி எழுதிடறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

திவ்யா மேடம், "டைம் குடுத்தா சரி பண்ணிடலாம் சார்" என்றார். "எப்படி இப்படி ஆச்சு?" என்று அவர் கேட்டார். தகாத பொருள் ஏதோ அதிகமாக உள்ளே போய்விட்டது என்றார் மேடம்.

அப்போதுதான் புது ஃப்ளாட்டிலிருந்து வந்த ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். "தகாத பொருள்னா என்ன, கறிக் கழிவுதான். கடையை யார் நடத்தறாங்கன்னு பார்த்தா தெரியாதா? ராத்திரியில கொண்டுவந்து போட்டிருப்பாங்க."

நூர்ஜஹான் அக்கா எதற்கும் பதில் வைத்திருக்கிறவர். அன்றைக்கு அவர் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "இட்லிக்கடைல ஏதுங்க கறி?" என்றார்.

இத்தனை வருஷம் அதே தெருவில் இருக்கிறவர். அவர் அப்படிச் சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

இன்லெட்டிலிருந்து வழித்த கசடை நான் ஒரு வாளியில் எடுத்துவைத்திருந்தேன். மேடத்துக்குக் காட்டத்தான் எடுத்தேன். வாளி என் காலடியில் இருந்தது. இதைத் தூக்கிக் காட்டி, கறி இல்லை, இது கூழ் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. நின்றுகொண்டே இருந்தேன்.

சார் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"அதை இப்படிக் கொண்டா லோகம்மா" என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த நாற்றத்துக்குள்ளே கையை விட்டார். ஒரு எலுமிச்சம்பழத்தை வெளியே எடுத்தார். அதில் இன்னும் வாழைநார் கோத்திருந்தது. அதை அந்த ஃப்ளாட்காரர் பக்கமாகத் தூக்கிப் பிடித்தார்.

"இது கறியா சார்? அம்மன் கழுத்துல இருந்த மாலை. உள்ள போனது கோயில் கூழ். ஊத்தினது நான். சாவி என்கிட்ட இருந்துது, நான்தான் தொறந்துவிட்டேன். புகாரை என் பேர்ல எழுதிக்குங்க."

கோயில்காரர் ஒருவர் எழுந்து, "நாங்களும்தான் தூக்கினு வந்தோம். சாரை மட்டும் எழுதாதீங்க" என்றார்.

சார் நூர்ஜஹான் அக்கா பக்கம் திரும்பினார். கையில் கசடு சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் அண்டாவுலதான் கொண்டுவந்து ஊத்தினேன்மா. உன்னை ஒரு வார்த்தை கேக்கல. இந்த இன்ஜினியர் பொண்ணையும் கேக்கல. லோகம்மாவையும் கேக்கல. என்னைக் கேக்கலைன்னு அன்னிக்கு அவ்வளவு கத்தினேன்."

நூர்ஜஹான் அக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"அண்டாவைக் கழுவிக் குடுத்தீங்களா சார்?"

"வசந்தா கழுவினா."

"அப்ப சரி. நீங்க கழுவியிருந்தா நான் திருப்பிக் கழுவணும்."

கூட்டம் சிரித்தது. ஆபீஸ்காரர்கூடக் கைக்குட்டையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அவர் மறுபடியும் கேட்டார், "எடுக்கச் சொல்லி எழுதவா, வேணாமா?" வேண்டாம் என்று தெருவே சொன்னது. அடுத்த வாரம் வந்து பார்ப்பேன், அப்போதும் வாடை இருந்தால் நானே எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஃப்ளாட்காரர் அவருக்குப் பின்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து அவர் கடைக்கு வந்து பார்சல் கேட்டார். நூர்ஜஹான் அக்கா சட்னியைத் தாராளமாகவே ஊற்றிக் கட்டினார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை.

6. பட்டினி

மருந்து என்ன என்று எல்லாரும் மேடத்தைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒண்ணும் போடக் கூடாது. அதுதான் மருந்து. கொஞ்சமா சுண்ணாம்புத் தண்ணி, புதுச் சாணி, அவ்வளவுதான். வேற ஒரு வாழைப்பழத் தோல்கூட உள்ள போகக் கூடாது."

"வயிறு கெட்டா நாமளும் பட்டினிதானே போடுவோம்" என்றார் வசந்தா அம்மா. அந்த ஒரு வார்த்தையில் தெருவுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது.

ஆனால் வீட்டுக் கழிவை என்ன செய்வது? பழையபடி மூலையில் கொட்டினால் வாடை இரண்டு மடங்காகிவிடும். அவரவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னோம். கொடுங்கள் என்று கேட்டுக்கூட வாங்கிவிடலாம், கொடுக்காதீர்கள் என்று கேட்பது கஷ்டம். நான் வீடு வீடாகப் போனேன். எனக்குப் பேச வராது என்று தெருவுக்குத் தெரியும். வெறும் பக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டுவேன். "சரி சரி, புரியுது லோகம்மா" என்பார்கள். மாடித் தொட்டியில் மண் போட்டு மூடினார்கள். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜிலேயே வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் ராத்திரி பசியில் எதையோ எடுத்துச் சாப்பிடப் போய்ப் பெரிய சண்டையாம்.

சாணிக்கு ராமநாதன் சாரே போனார். முடிச்சூர் உள்ளே மாடு வைத்திருக்கிறவரிடமிருந்து ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் டின்னை வைத்துக்கொண்டு, பேன்ட் சட்டையோடு கொண்டுவருவார். தெருமுனை திரும்பும்போதே வசந்தா அம்மா வாசல் கதவைச் சாத்திவிடுவார். "பின்பக்கமா போய்க் குளிச்சுட்டு வாங்க!" என்று உள்ளேயிருந்தே சத்தம் வரும். வெற்றிலை போடுகிற ஒரு பாட்டி தன் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். இது போதாதே என்று நான் சொல்லவில்லை. கரைத்து ஊற்றினேன்.

நூர்ஜஹான் அக்கா சிலிண்டர் வாங்கிக் கடையை ஓட்டினார். விலை ஏற்றவில்லை. குழுப் பெண்கள் ஆளுக்கு ஒரு வேளைக் கூலியைக் குறைத்துக்கொண்டார்கள். "லோகம்மா, இது பொழைச்சிடுமா? உள்ளதைச் சொல்லு" என்று தினமும் கேட்பார். எனக்கும் தெரியாது. டைஜஸ்டர்மேல் கையை வைத்துப் பார்ப்பேன். காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி என்று அக்கா கேலி பண்ணுவார்.

தினமும் காலையில் மேடம் பேப்பரை நனைப்பார். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருகிற மாதிரி ஜனம் வரும். ஆரஞ்சு. மறுபடியும் ஆரஞ்சு. பிறகு மஞ்சள் மாதிரி. அன்றைக்கு மேடம் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வாடை முதலில் தெருமுனையை விட்டது, பிறகு கடையை விட்டது. ஆபீஸ்காரர் வர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் பேப்பர் பச்சையாக வந்தது. மேடம் அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டினார்.

அடுப்பை யார் பற்றவைப்பது என்று பேச்சு வந்தது. வசந்தா அம்மா என்றார்கள், சார் என்றார்கள். நூர்ஜஹான் அக்கா லைட்டரை என் கையில் திணித்தார். "ஆளுங்க ஜாஸ்தி கீறாங்கன்னு பாக்காதே. அடுப்பை மட்டும் பாரு" என்றார். முதல் தடவை புஸ்ஸென்று அடித்து அணைந்தது. குழாயில் இருந்த பழைய காற்று. இரண்டாவது தடவை பிடித்தது. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் ஆடியது, பிறகு அதுவும் நீலமானது.

சார் குனிந்து மூக்கைக் கொண்டுபோனார். இந்தத் தடவை யாரும் கேலி பண்ணவில்லை.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டுக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்து கத்துகிறவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவர் அங்கேயே குடியிருக்கிறவர், நாளைக்கும் இருக்கப் போகிறவர், அதனால்தான் கத்துகிறார். அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டதால்தான் எங்கள் மேடை உயர்ந்தது. ஜனம் வேண்டாம் என்றால் ஒரு கஷ்டம். ரொம்ப வேண்டும் என்றால் அது வேறு கஷ்டம். கொடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும்போதே போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கொண்டுவந்தவர் மனசு நோகும் என்று நான் பேசாமல் இருந்தேன். அவர்கள் மனசு அப்படியெல்லாம் நோகாது. சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த ஆடி வந்தது. கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை நான் லீவு போடவில்லை. காலையில் போனால் கேட்டுக்குக் குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ராமநாதன் சார் உட்கார்ந்திருந்தார். கையில் பேப்பர். மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் கோயில்காரர்கள் ஒரு தூக்கோடு தயங்கித் தயங்கி வந்தார்கள். "கொஞ்சமாத்தான் சார் மீந்துச்சு. அடிக் கூழ்."

"கேட்டுக்குள்ள ஒரு சொட்டு போகாது" என்றார் சார்.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் இரக்கப்பட்டு வாங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

"போதும்பா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு."

"அதுக்கு வேணாம். எங்களுக்கு ஊத்துங்க" என்றார் சார். வசந்தா அம்மா இரண்டு சொம்பு கொண்டுவந்தார். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வந்தது. நான் சொம்பை வாங்கிக்கொண்டு வழக்கம் போலச் சுவரோரமாகத் தரையில் உட்காரப் போனேன்.

"அங்க எங்க போறீங்க லோகம்மா? முட்டி வலிக்கும். இங்க உட்காருங்க" என்றார் சார்.

அப்போதுதான் பார்த்தேன். கேட்டுக்குக் குறுக்கே இரண்டு நாற்காலி போட்டிருந்தது.